சகலமானவர்களுக்கும்: ஊர்ச் செய்தி வந்த வழி

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கத்தை இனி எங்கும் தொடரவிடக் கூடாது, மக்களுக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றால் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்கச் சொல்லலாம், மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'இன்னுமா தண்டோரா இருக்கிறது?' என்று நகரத்துக்காரர்கள் கேட்டிருக்கக்கூடும். இருந்தது. கைபேசி நுழைந்துவிட்ட ஊர்களிலும் ஒரு மனிதர் தோளில் பறையோ தமுக்கோ மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு நினைவிருக்கும். முச்சந்தியில் நின்று முதலில் ஐந்தாறு அடி. அம்மிக்கல்லை விட்டுவிட்டு ஒருவர் வாசலுக்கு வருவார். எங்கிருந்தோ நாலைந்து பிள்ளைகள் பின்னால் சேர்ந்துகொள்ளும். 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று தொடங்கிக் குரலை உயர்த்திச் சேதியைச் சொல்வார்: கிஸ்தி கட்டக் கடைசி நாள், கண்மாய் மீன் ஏலம், மடை திறக்கும் நேரம், மாட்டுக்குத் தடுப்பூசி, அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. காதில் சரியாக விழாதவர்கள் கூப்பிட்டுக் கேட்டால் மறுபடி சொல்வார். பிறகு இரண்டு அடி அடித்துவிட்டு அடுத்த தெருவுக்கு நகர்வார். ஊர்ச் செய்தி என்று இன்று நாம் சொல்வதில் ஏறத்தாழ எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கிவிடும்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குத் தமிழிலேயே நல்ல சான்று உண்டு. சாத்தனாரின் மணிமேகலை, கதாநாயகியை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே ஒரு ஊர் அறிவிப்பைத்தான் வைக்கிறது. முதல் காதையின் பெயரே விழாவறை காதை. புகார் நகரத்தில் இந்திர விழா நடக்கப்போகிறது. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முரசறைபவன் நகரை வாழ்த்திவிட்டுச் சேதி சொல்கிறான். அவன் சொல்வதை இன்றைய நடையில் எழுதினால் நகராட்சிச் சுற்றறிக்கை போலவே இருக்கும். தெருக்களில் பழைய மணலை அள்ளிவிட்டுப் புதுமணல் பரப்புங்கள். வாசலில் வாழையும் கமுகும் கரும்பும் கட்டுங்கள். மாடங்களில் கொடி ஏற்றுங்கள். அறம் பேச வல்லவர்கள் பந்தலுக்கு வாருங்கள், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதாடுங்கள். பகைவரைக் கண்டாலும் சண்டைக்குப் போகாமல் விலகிச் செல்லுங்கள். விழா 28 நாள். நிகழ்ச்சி நிரல், அலங்கார ஏற்பாடு, சட்டம் ஒழுங்கு எச்சரிக்கை மூன்றும் ஒரே அறிவிப்பில் முடிந்துவிடுகின்றன.

யானை மேல் முரசு வைத்த காலத்திலும் தோளில் தமுக்கு மாட்டிய காலத்திலும் ஒரு விஷயம் மாறவில்லை. செய்தி எப்போதும் மேலிருந்து கீழே வந்தது. அரசன் சொல்வான், ஊர் கேட்கும். தாசில்தார் சொல்வார், கிராமம் கேட்கும். கிராமம் தாசில்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதற்கென்று பறை கிடையாது. மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அறிவிப்பைச் சுமந்து சென்ற மனிதரின் நிலையோ இன்னும் மோசம். பெரும்பாலும் குறிப்பிட்ட சாதியில் பிறந்ததாலேயே அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. ஊருக்கே சேதி சொன்னவரின் சொந்தச் சேதியை ஊர் கேட்டதில்லை. ஊர்ச் செய்தியின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தத் திசை மெல்ல மெல்லத் திரும்பிய கதைதான்.

அச்சு வந்ததும் உடனே திரும்பிவிடவில்லை. சென்னையின் முதல் பத்திரிகையான மெட்ராஸ் கூரியர் 1785-இல் வெளிவந்தது. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்காக நடத்தப்பட்ட இதழ் அது. தமிழில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் 1882-இல் வார இதழாகத் தொடங்கி 1899-இல் நாளிதழானது. அதன் கவனம் தேச அரசியலில் இருந்தது, இருக்கவும் வேண்டியிருந்தது. வெளியூர்ச் சாக்கடையும் குடிநீரும் பேச வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அப்படி ஒருவர் சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு. 1854-இல் பிறந்தவர். சேலத்தில் ஒரு இதழ் நடத்திப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தார். 1880களின் தொடக்கத்தில் அங்கே 'கலாநிதி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்வந்தவர் என்பதால் அவரைத் தேசியவாதி என்று மட்டும் சொல்லிவிடலாம். ஆனால் கோவைக்காரர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது தண்ணீருக்காக. அன்றைய கோவை குடிநீருக்குத் திண்டாடிய ஊர். மேற்கு மலைத்தொடரில் முத்திக்குளம் அருவிப் பக்கம் பெருகும் சிறுவாணியை நகரத்துக்குக் கொண்டுவரலாம் என்று அவர் எழுதினார், பேசினார், நகராட்சியில் வாதாடினார்.

அவர் 1922-இல் மறைந்தார். சிறுவாணித் தண்ணீர் அதற்குப் பிறகு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கோவைக் குழாய்களில் வந்தது. ஒரு ஊர்ப் பத்திரிகைக்காரர் தொடங்கிய பேச்சு, கிட்டத்தட்ட 40 ஆண்டு கழித்துக் குடத்தில் விழுந்தது. இன்றைக்கும் 'சிறுவாணித் தண்ணி' என்று கோவைக்காரர்கள் பெருமையடிக்கும்போது அதில் ஒரு பழைய உள்ளூர்ச் செய்தியும் கலந்திருக்கிறது. ஊர் மேலே பார்த்துப் பேச ஆரம்பித்த முதல் இடங்களில் இது ஒன்று.

ஆனாலும் இதெல்லாம் படித்தவர்களின் வட்டத்துக்குள் நடந்தது. 1934 செப்டம்பர் 11-இல், பாரதி நினைவு நாளில், டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி வந்தபோது வாசகர் வட்டம் விரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களை இலக்காக வைத்த பத்திரிகைக்கு இன்னும் எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1942 நவம்பர் 1. ஊர் மதுரை. பத்திரிகையின் பெயர் தந்தி. பின்னாளில் தினத்தந்தி ஆன அதைத் தொடங்கியவர் திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். லண்டனில் சாமானியர்களும் காசு கொடுத்து வாங்கிப் படித்த பத்திரிகைகளைப் பார்த்திருந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அச்சுக் காகிதம் கிடைப்பதே அரிது. கையால் காகிதம் செய்து சமாளித்தார் என்பது அந்தப் பத்திரிகையின் தொடக்கக் கதைகளில் தவறாமல் வரும்.

ஆதித்தனார் செய்த பெரிய காரியம் மொழியில் இருந்தது. மக்கள் பேசுவதுபோல், கொச்சை நீக்கி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுத வேண்டும் என்று நிருபர்களைப் பழக்கினார். அதற்காக இதழாளர் கையேடு ஒன்றையும் எழுதினார். கிணற்றில் விழுந்த குழந்தை, பஸ் விபத்து, நீதிமன்றத்தில் கணவன் மனைவி வழக்கு, ஊர்த் திருவிழாவில் தேர் நின்றுபோனது என்று அதுவரை பத்திரிகைத் தகுதி இல்லாமல் கிடந்தவையெல்லாம் தலைப்பு ஏறின. 'மலிவான பரபரப்பு' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கொலைச் செய்தியில் நிருபர்கள் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தால் அந்தக் குறையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் தன் தெருவின் பெயரை அச்சில் பார்த்த ஒருவர் மறுநாளும் பத்திரிகை வாங்குவார் என்பதை அவர் கண்டுகொண்டார்.

பத்திரிகைக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்ததிலும் காரணம் இருந்தது. அன்றைக்கு மிக வேகமான செய்தி தந்தியில்தான் வரும். வெளியூர் நிருபர்கள் பத்திரிகைகளுக்கான சலுகைக் கட்டணத்தில் தந்தி அடித்தார்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு என்பதால் நிருபர் பாஷையே சுருங்கிப்போனது. அவசரமில்லாத செய்தி ஒரு கவருக்குள் போய், பஸ் கண்டக்டர் கையில் ஏறி, மாவட்டத் தலைநகருக்கு வந்து சேரும். மறுநாள் அதிகாலையில் அதே பஸ்ஸின் கூரையில் பத்திரிகைக் கட்டு திரும்பி வரும். செய்தி போன வழியும் வந்த வழியும் ஒன்றே.

அந்தக் கட்டு பிரிக்கப்படும் முதல் இடம் டீக்கடை. பலகையில் அன்றைய தலைப்பைக் கொட்டை எழுத்தில் சொல்லும் வால்போஸ்டரைத் தொங்கவிடுவார்கள். ஒரே பத்திரிகை, ஆனால் நாலு தாள், நாலு பேர் கையில். நடுத்தாளை ஒருவர் பிடித்துக்கொள்வார். 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு வரும் தாளுக்கு இளவட்டங்களிடம் போட்டி இருக்கும். கண் மங்கிய பெரியவர் ஒருவர் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, 'எங்கே, நம்ம ஊரு என்ன போட்டிருக்கான், சத்தமாப் படி' என்பார். படிப்பவர் படிக்க, கேட்பவர்கள் திருத்துவார்கள்: 'அது மேலத்தெரு இல்லப்பா, கீழத்தெரு.' தமுக்குக்கு இல்லாத வசதி இது. அறிவிப்பைக் கேட்டவர்கள் அதைத் திருத்தவும் கிண்டல் செய்யவும் எதிர்த்துப் பேசவும் இங்கே முடிந்தது. ஆனால் அந்த பெஞ்சில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். இரட்டைக் குவளை வைத்த கடைகளில், தமுக்கு அடித்தவர் வெளியே நின்றுதான் செய்தியைக் கேட்டிருப்பார்.

ஊர்ச் செய்தி உயிர்ப் பிரச்சினையாக மாறியது எல்லையோரத்தில். 1950களின் தொடக்கத்தில் நாகர்கோவிலும் அதைச் சுற்றிய தமிழ்ப் பகுதிகளும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அரசு அலுவலகத்தில் ஒரு மொழி, வீட்டில் வேறு மொழி. சென்னைப் பத்திரிகைகளுக்கு அது தொலைதூர விவகாரம். இந்தச் சூழலில் 1951 செப்டம்பர் 6-இல் டி.வி. ராமசுப்பையர் திருவனந்தபுரத்திலிருந்து தினமலரைத் தொடங்கினார். ஒரு மாநிலத்தின் தலைநகரில் இருந்துகொண்டே, அந்த மாநிலத்தைவிட்டுப் பிரிய வேண்டும் என்போரின் குரலை அச்சிட்ட தமிழ்ப் பத்திரிகை அது.

1954 ஆகஸ்ட் 11-இல் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மறு ஆண்டே தினமலர் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. எல்லைப் பிரச்சினை முடிந்ததும் அடுத்த ஊர்க் கோரிக்கை காத்திருந்தது: ரயில். நாகர்கோவிலுக்கு அதுவரை ரயில் கிடையாது. அந்தக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் பத்திரிகையில் வந்துகொண்டே இருந்தது. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கும், 1981-இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் ரயில் ஓடியது. சிறுவாணியைப் போலவே இதுவும் பொறுமையைச் சோதித்த செய்தி.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதை வேறு விதமாக நடந்தது. யாழ்ப்பாணத்தில் 1841-இலேயே அமெரிக்க மிஷனரிகள் உதயதாரகை என்ற இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நடத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வீரகேசரியும் (1930) தினகரனும் (1932) கொழும்பிலிருந்து வந்தன. கொழும்பில் அச்சாகி ரயிலில் யாழ்ப்பாணம் போகும் பத்திரிகையில் யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? அந்தக் குறையைப் போக்க 1959-இல் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கப்பட்டது ஈழநாடு. சில ஆண்டுகளில் அது நாளிதழானது. தலைநகருக்கு வெளியே அச்சாகும் பிரதேச நாளிதழ் என்பது இலங்கைக்குப் புதிது.

1981 மே 31 இரவும் அதை அடுத்த நாட்களும் யாழ்ப்பாணத்தில் நடந்ததை உலகம் நூலக எரிப்பு என்று அறியும். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதே வெறியாட்டத்தில் ஈழநாடு அலுவலகமும் அச்சகமும் எரிக்கப்பட்டன என்பதை வெளியில் பலர் அறிவதில்லை. ஒரு சமூகத்தின் பழைய நினைவும் அன்றாடப் பேச்சும் ஒரே நேரத்தில் தீக்கிரையாயின. பத்திரிகை பிறகு மீண்டும் வெளிவந்தது.

இலங்கையில் ஊர்ச் செய்திக்கு இன்னொரு வடிவமும் உண்டு: வானொலியின் மரண அறிவித்தல். இறந்தவரின் ஊர், பிறந்த இடம், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று உறவுமுறை முழுக்க வரிசையாகச் சொல்லி, ஈமக்கிரியை எங்கே எத்தனை மணிக்கு என்று முடிப்பார்கள். அடுப்படியில் வேலையாக இருப்பவர்களும் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்வார்கள். தமிழகத்தில் 1939-இல் திருச்சி, 1963-இல் திருநெல்வேலி என்று வானொலி நிலையங்கள் வந்தபோது பஞ்சாயத்து ரேடியோக்கள் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்தன. பூங்காவிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ கூம்பு ஒலிபெருக்கியில் மாநிலச் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஒலிக்கும். அங்கேயும் கேட்க மட்டுமே முடிந்தது. திரும்பப் பேச முடியாது.

பத்திரிகையில் திரும்பப் பேசும் இடம் பெரிதாக விரிந்தது 1970களுக்குப் பிறகு. ஆந்திராவில் ராமோஜி ராவ் 1974-இல் ஈநாடு பத்திரிகையைத் தலைநகர் ஹைதராபாத்தை விட்டு விசாகப்பட்டினத்தில் தொடங்கினார். பின்னர் மாவட்டத்துக்கு ஒரு சிறு இணைப்பு என்று அது கிளை பரப்பியது. தமிழ் நாளிதழ்களும் பதிப்புகளைப் பெருக்கி, மாவட்டப் பக்கங்களைக் கூட்டின. இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்த ராபின் ஜெஃப்ரி, இந்திய மொழிப் பத்திரிகைகள் வளர்ந்ததற்கு உள்ளூர்ச் செய்தியும் உள்ளூர் விளம்பரமும் பெரிய காரணம் என்கிறார். ஜவுளிக்கடைக்காரருக்கு மாநிலம் முழுக்க விளம்பரம் தேவையில்லை. தன் மாவட்டத்துக்கு மட்டும் தேவை.

இந்தப் பக்கங்களை நிரப்பியவர் பகுதி நேர நிருபர். ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பார், காப்பீட்டு முகவராக இருப்பார், பத்திரிகை ஏஜென்ட்டாகவும் இருக்கலாம். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியான செய்தியை வெட்டி ஒட்டி, நீளத்தை அளந்து மாதக் கடைசியில் அனுப்பினால் அதற்குக் காசு. காலையில் கோயில் கும்பாபிஷேகம், மதியம் பள்ளி ஆண்டு விழா, மாலையில் கட்சிக் கூட்டம். இடையில் சாலை மறியல் என்றால் அங்கே ஓட்டம். புத்தாண்டு, பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டிய கடமையும் அவருக்கே. விளம்பரம் கொடுத்த ஒப்பந்தக்காரர் போட்ட சாலை மூன்று மாதத்தில் பெயர்ந்தால் அதை எப்படி எழுதுவது? மாவட்டப் பக்கங்களின் பலவீனம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு பலவீனம், நலத்திட்ட உதவி வழங்கும் படம். ஒரு தையல் இயந்திரம், ஒரு பயனாளி, அவரைச் சுற்றிப் பதினைந்து பிரமுகர்கள். எல்லார் பெயரும் விடாமல் வரும். பயனாளியின் பெயர் மட்டும் விடுபட்டுப்போகும். தமுக்குக் காலத்தின் மேலிருந்து கீழ் வரும் பேச்சு வண்ணப் படமாக மறுபடி உள்ளே வந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஆனாலும் அதே பக்கத்தின் ஓரத்தில் 'குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களுடன் பெண்கள் மறியல்' என்று ஒரு செய்தி இருக்கும். அதிகாரிகள் காலையில் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தை. பேச்சுவார்த்தை, இரண்டு நாளில் தண்ணீர் லாரி. இப்படிக் கிடைத்த தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

அதன் பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. 1990களில் ஊர்க் கேபிள் டிவியின் அடியில் ஓடும் வரிகளில் மின்தடை, காணாமல்போன சான்றிதழ், காதுகுத்து அழைப்பு. இப்போது வாட்ஸ்அப் குழு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய பத்திரிகை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. குழுவில் யாரும் செய்தி போடலாம் என்பதால் திசை முழுக்கத் திரும்பிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அங்கே வரும் வதந்தியைத் திருத்த, 'மேலத்தெரு இல்லப்பா' என்று சொல்லும் பெஞ்சு இல்லை. நாளைக்கு அந்தச் செய்தியைத் தேடினால் கிடைப்பதும் இல்லை.

தேடினால் கிடைக்க வேண்டும் என்று நினைத்த ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா. புத்தகங்களோடு, மற்றவர்கள் குப்பை என்று நினைத்த நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பழைய இதழ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994-இல் தொடங்கியது. ஈழத்துப் பத்திரிகைகளையும் சிறு வெளியீடுகளையும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இணையத்தில் சேர்த்து வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு ஊரில் எந்த நாடகம் நடந்தது, டிக்கெட் எவ்வளவு, யார் பாடினார்கள் என்பதெல்லாம் இன்று தெரிவது இப்படிச் சேர்த்தவர்களால்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம்: தாத்தா நடத்திய ஊர் இதழின் நாலு பிரதி, 1960களின் தேர்த் திருவிழா நோட்டீஸ், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, ஊர்ச் செய்தி வந்ததற்காக வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் இருந்தால் படம் எடுத்து வையுங்கள், முடிந்தால் அருகிலுள்ள நூலகத்தில் கொடுங்கள்.